குழாயடி நிழல்

சிதம்பரத்துக்காரர்களுக்குக் கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்கள் உண்டு. சென்னைக்காரர்களுக்கு 1959-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து கொடுத்த உழைப்பாளர் சிலை மெரினாவில் நிற்கிறது. சேத்தியாத்தோப்புப் பிள்ளைகளான எங்களுக்கு வாய்த்தது வீராணம் குழாய். வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்காக வார்த்து, திட்டம் பாதியில் நின்றுபோனதால் சாலையோரம் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்தச் சிமெண்ட் குழாய்களை, அந்தக் காலத்தில் வடலூர், பண்ருட்டி வழியாகப் பேருந்தில் போனவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே போய்ப் பெயரைச் சொல்லிக் கூவினால் நம் குரலே பெரிய மனுஷர் குரலாகத் திரும்பி வரும். வெயிலில் ஓடி வந்து அதன் வளைந்த வயிற்றில் முதுகைச் சாய்த்தால் சில்லென்றிருக்கும்.

குழாயடிதான் எங்கள் சந்தை. யாரும் வரைபடம் போடவில்லை, வெயில்தான் போட்டது. காலையில் நிழல் மேற்கே விழும், கத்தரிக்காயும் வெள்ளரிப்பிஞ்சும் ஏரிக் கெண்டையும் அங்கே இறங்கும். உச்சிவேளையில் கூடைகள் குழாய்க்குள்ளேயே போய்விடும். சாயங்காலம் எல்லாம் கிழக்குப் பக்கம். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஆயா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தே மணி சொல்வோம். "டேய் தம்பி, உள்ள ஓடாத, தேளு கீளு கெடக்கும்" என்று அதட்டிக்கொண்டே கையில் ஒரு பிஞ்சைத் திணிப்பாள்.

2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. நாளுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீர், 200 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டுச் சென்னைக்குப் போகிறது. அதற்கு முன்பே, 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகர் இல்லாமல் விவசாயி தானே விற்க வழி செய்தது. கூரை, தராசு, விலைப் பலகை எல்லாம் கொடுத்தது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் கூரை நகர்வதில்லை. அதனடியில் கீரைக்காரியும் மீன்காரியும் நிழலுக்காக நெருங்கி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதில்லை. தலைவர்களின் சிலைகளையோ இரும்புக் கூண்டுக்குள் வைத்துவிட்டோம், சாய்ந்துகொள்ள முடியாது.

ஊருக்கொரு சந்தை, சந்தைக்கொரு சிற்பம் என்று யாராவது திட்டம் போட்டால், அந்தப் பழைய குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தெற்கு வடக்காகப் படுக்க வையுங்கள் என்று கேட்பேன். கூடையை எந்தப் பக்கம் இறக்குவதென்று ஆயாக்களுக்குத் தெரியும்.