செவப்பு ஸ்டிக்கர் மாப்ள

வா மாப்ள, உட்காரு. பிளாஸ்டிக் உறைக்குள்ள என்னத்த இவ்ளோ பத்திரமா கொண்டாந்திருக்கே? சர்ஜாபுரத்துக்கு அந்தாண்ட வாங்கப்போற முப்பதுக்கு நாற்பது சைட்டோட அக்ரிமென்ட்டா! நோட்டரி சீல் வேற. பேஷ். ஒயிட்ஃபீல்டுல உட்கார்ந்து அமெரிக்காக்காரன் எழுதினதுலயே தப்பு கண்டுபிடிக்கிறவன், அல்சூர்ல ஒரு செவப்பு ஸ்டிக்கரைப் பார்த்ததும் சொக்கிட்டியாக்கும். உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. பல்லு பல்லா ஓரம் வெட்டி, நடுவுல அழுத்தி, மேல வட்டமா மை வச்சா எந்தக் காகிதத்துக்கும் ஒரு களை வரத்தான் செய்யும்.

கேக்கிறேன்னு கோவிச்சுக்காதே. அந்த நோட்டரி ஒல்லியா, குண்டா? தெரியாதா? நீ போகவே இல்லையா? புரோக்கர் பையனே காலையில வாங்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துட்டானா? தோசை மாவு கூட இப்ப அப்படித்தான் வருதாம், காலம் மாறிப்போச்சு.

மேயோ ஹால் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்காங்களேன்னு அவங்கள இளக்காரமா நினைச்சிடாத. 1952-ல அதுக்குன்னே சட்டம் போட்டு, 1956-ல விதியும் எழுதி வச்சிருக்கான். வக்கீலா 10 வருஷம் ஓட்டியிருக்கணும், பொம்பளைங்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி.க்கும் 7 வருஷம். மத்திய சர்க்காரோ மாநில சர்க்காரோ பார்த்து நியமிச்சு சர்டிஃபிகேட் குடுக்கணும், 5 வருஷத்துக்கு ஒருதரம் அதைப் புதுப்பிக்கணும். முத்திரை எவ்ளோ பெரிசு இருக்கணும்னு கூட விதியில இருக்கு: குறுக்க 5 சென்டிமீட்டர். அதுல அவர் பேரும், எந்த ஏரியாவுக்கு நோட்டரிங்கிறதும் இருக்கணும். ஃபீஸ் எவ்ளோன்னு போர்டு எழுதி ஆபீசுக்கு உள்ளயும் வெளியயும் தொங்க விடணும். அந்த போர்டைத் தேடிப் பார்த்தியான்னு உன்கிட்ட கேக்கிறது வீண், நீ ஆபீசையே பார்க்கல.

இத்தனை கெடுபிடியும் ஒரே ஒரு சங்கதிக்காகத்தான் மாப்ள. ஆளு நேர்ல வரணும். இவன் அவன்தானான்னு அடையாளம் பார்க்கணும். அவர் கண்ணெதிர்ல கையெழுத்துப் போடணும். அவரோட ரிஜிஸ்டர்ல வரிசை நம்பர், தேதி, பேரு, என்ன பத்திரம் எல்லாம் ஏத்தணும். அப்புறம்தான் சீல். நாளைக்கு வித்தவன் ‘இது என் கையெழுத்தே இல்ல’ன்னு கோர்ட்ல கையை விரிச்சா, அந்த ரிஜிஸ்டரைத்தான் கொண்டான்னு கேப்பாங்க. முறையா நோட்டரி முன்னால எழுதின பவர் பத்திரத்தை, மறுத்து நிரூபிக்கிற வரைக்கும் கோர்ட்டு சரின்னே எடுத்துக்கும். அந்த மரியாதை எல்லாம் நேர்ல பார்த்த கண்ணுக்கு. உன் கேஸ்ல பார்த்தது புரோக்கர் பையனோட கண்ணு.

சரி, நேர்லயே போயிருந்தாலும் சைட்டு உன்னுதாயிடுமா? ஓட்டுப் போட்டவன் விரல்ல வைக்கிற மை மாதிரிதான் இதுவும். ஆளு வந்தான், போட்டான், அவ்ளோதான் சொல்லும். நல்லவனுக்குப் போட்டானா, பிரியாணிக்குப் போட்டானான்னு மை சொல்லுமா? ‘விதான சவுதாவை இவருக்கு விக்கிறேன்’னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா, போட்டது நீதான்னு அவர் சாட்சி சொல்வாரு. கட்டடம் யாருதுன்னு தேடிப் பார்க்கிறது அவர் வேலை இல்ல.

நம்ம பேரு சமாசாரத்தையே எடுத்துக்கோ. உங்கப்பன் முனுசாமி, நீ முருகேசன். பள்ளிக்கூடத்துல எம். முருகேசன், ஆதார்ல முருகேசன் எம். பாஸ்போர்ட்ல உங்கப்பன் முழுசா வந்து குந்திக்கிட்டான். இப்போ ஆபீஸ்ல உன்னை ‘மிஸ்டர் முனுசாமி’ங்கிறாங்க. செத்து ஒம்போது வருஷமான மனுஷன் ஒயிட்ஃபீல்டுல சம்பளம் வாங்குறான். இந்த மூணு பேரும் ஒரே ஆளுதான்னு அபிடவிட் போட்டியே, அதுக்கு நோட்டரி சரியான ஆளு. அங்கயும் ‘நீ சத்தியம் பண்ணினே’ங்கிறது வரைக்கும்தான் அவரு. சத்தியம் பொய்யானா மாட்டுறது முனுசாமி மகன்.

அந்த புரோக்கர் அடுத்தாப்ல என்ன சொல்வான்னு நான் சொல்றேன் கேளு. ‘சார், ரிஜிஸ்ட்ரேஷன் இப்போ ஆகாது, ஜி.பி.ஏ.ங்கிற பவர் பத்திரம் ஒண்ணு, அக்ரிமென்ட் ஒண்ணு, உயில் ஒண்ணு, மூணும் நோட்டரி பண்ணிடலாம், கவலையே படாதீங்க’ம்பான். இந்த மூணு பேர் கூட்டணியை சுப்ரீம் கோர்ட்டு 2011-லயே சூரஜ் லாம்ப் கேஸ்ல உடைச்சுப் போட்டாச்சு. இதை வச்சு சொத்து கைமாறாதுன்னுட்டாங்க. 100 ரூபாயும் அதுக்கு மேலயும் போற நிலத்துக்குக் கிரயம் பதிவாகியே தீரணும். பெங்களூர்ல 100 ரூபாய்க்கு எவ்ளோ மண்ணு வரும்னு பூந்தொட்டி விக்கிறவனைக் கேட்டுப் பாரு. அக்ரிமென்ட்டுங்கிறது விக்கிறேன்னு சொன்ன வாக்கு, வித்ததாகாது. உயிலுக்கோ நோட்டரியே தேவையில்ல, ரெண்டு சாட்சி போதும். ஆனா எழுதினவன் சாகணும், அதுக்குள்ள அவன் மனசும் மாறக்கூடாது. அறுபது லட்சத்தைக் குடுத்துட்டு ஒருத்தன் சாவுக்குக் காத்திருக்கிற பாவம் உனக்கெதுக்கு?

வாடகை வீட்டுக்கு 11 மாச அக்ரிமென்ட்டு போடுறதும், ஒரு வருஷத்தைத் தாண்டினா பதிவு பண்ணணுமேங்கிற சாமர்த்தியம்தான். உன் ரூம்மேட்டு ஒருத்தன் நோட்டரிகிட்டயே கல்யாணம் பண்ணிக்கிட்டானாமே? 11 மாசத்துக்கா? சிரிக்காத. கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரமெல்லாம் எழுதிக் குடுக்க நோட்டரிக்கு அதிகாரமில்லைன்னு டெல்லி சட்ட அமைச்சகமே 2024-ல சொல்லிடுச்சு. 1954 ஸ்பெஷல் மேரேஜ் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் குடுத்து முறையா பதிவு பண்ணிக்கச் சொல்லு, பொண்ணு பாவம்.

முத்திரையில மயங்குறதுக்கு முன்னால காகிதத்தையும் ஒரு தரம் பார்த்துக்க. நம்ம கர்நாடகாவுல கானாபூர்க்காரன் அப்துல் கரீம் தெல்கி, ஸ்டாம்பு பேப்பரையே போலியா அடிச்சு நாடு பூரா வித்தான். 2001-ல அஜ்மீர்ல பிடிச்சாங்க, பரப்பன அக்ரஹாரா ஜெயில்ல கிடந்து, 2017-ல இந்த ஊர்லயே போய்ச் சேர்ந்தான். இப்ப இ-ஸ்டாம்பு வந்திருச்சு. அதுல இருக்கிற நம்பரை நெட்ல தட்டினா அசலா நகலான்னு தெரிஞ்சிடும். கம்ப்யூட்டர்காரன் நீ, அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தியா?

போகட்டும், அட்வான்ஸ் இன்னும் குடுக்கலதானே? அப்போ புரோக்கருக்கு இப்பவே போனைப் போடு, ஸ்பீக்கர்ல வை. சண்டையெல்லாம் வேண்டாம். ‘அண்ணா, மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று இ.சி., டி.சி. கன்வர்ஷன் ஆர்டர், இ-கட்டா, நாலோட நகலையும் நாளைக்குக் கொண்டாங்க, எங்க மாமா பார்க்கணும்ங்கிறாரு’ன்னு பணிவா சொல்லு. லைனை அவன் கட் பண்றானா இல்லையான்னு பார்ப்போம். அதுக்குள்ள உங்க அத்தை காபி கொண்டாந்துடுவா.