349 டாலர் ரெக்ஸின்

நியூஜெர்ஸியிலிருந்து வருகிற பெட்டிகளில் வழக்கமாக பாதாம், ஷாம்பூ, மூட்டுவலி மாத்திரை, யாரும் சாப்பிடாத ஒரு சாக்லேட் ஆகியவைதான் இருக்கும். ஒரு முறை மகள் கொண்டுவந்த பெட்டியில் ஹெட்போன் இருந்தது. விலை 349 டாலர். “அப்பா, இதைப் போட்டுண்டா டிரெயின் சத்தமே கேக்காது” என்றாள். மனைவி டாலரை ரூபாயாக்கினாள், ரூபாயைக் கிராமாக்கினாள். “காதுல போட்டுக்கத்தானே? இந்தக் காசுக்கு ஒரு ஜோடி தோடு வாங்கிருக்கலாம்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

மும்பையில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை ஹார்பர் லைன் டிரெயினில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிறவனுக்குத்தான் அந்த ஹெட்போனின் அருமை தெரியும். சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்குகிற வித்தை அது. ஒரு குட்டி மைக் வெளி இரைச்சலைக் கேட்கும். உள்ளே உள்ள சில்லு அந்த அலைக்கு நேர் எதிரான அலையைக் கிளப்பும். இரண்டும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கள் ஹவுசிங் சொசைட்டிப் பொதுக்குழுவில் செயலாளர் ஒன்று சொல்வார், பொருளாளர் அதே வேகத்தில் அதற்கு நேர் எதிராகச் சொல்வார், கூட்டம் முடியும்போது எதுவும் நடந்திருக்காது. அதே தத்துவம்தான்.

இந்த வித்தையை ஹெட்போனில் உட்கார வைத்தவர்களில் முக்கியமானவர், வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். 1978-ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனபோது, கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மனிதர் அங்கேயே தாளை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கு 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது. குர்லா லோக்கலில் போயிருந்தால் அவருக்கும் இதே யோசனை வந்திருக்கும். தாளை விரிக்கத்தான் இடம் கிடைத்திருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் பெட்டியில் சொல்வதில்லை. விமான இன்ஜின் போல ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் ஓடுகிற இரைச்சலை அது நன்றாக விழுங்கும். திடீர் திடீரென்று எழும்பும் மனிதக் குரல் அதற்குச் சரியாகச் செரிக்காது. ஆகவே சக்கரச் சத்தம் போய்விட்டது. ரயில் பெட்டிக்குள் ஜால்ராவோடு பஜனை பாடும் கோஷ்டி, ஹேர்கிளிப் விற்கிற அம்மா, “புடீல் ஸ்டேஷன்” என்று மூன்று மொழிகளில் வரும் அறிவிப்பு எல்லாம் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டன. அதற்கே நான் பரம திருப்தியாக இருந்தேன்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். செருப்பு பூஞ்சணம் பூக்கும், அப்பளம் துணியாகும். ஹெட்போனின் காதுமெத்தை தோலுரிய ஆரம்பித்தது. ஆபீஸில் எதிர் ஸீட்டுக்காரர், “கன்னத்துல என்ன சார், கரி?” என்று கேட்கிற நாள் வழக்கமாகிவிட்டது. போதாக்குறைக்கு ஒரு சாயங்காலம் வடாலாவில் ஏறிய கூட்டம் என் பையை அழுத்தியதில் கீல் பட்டென்று விட்டுப்போனது. இடது காது தொங்கியது.

சர்வீஸ் சென்டரில் ஏசி, நாற்காலி, டோக்கன், தண்ணீர் எல்லாம் இருந்தன. உதிரிபாகம்தான் இல்லை. கவுன்ட்டர் பையன் ஹெட்போனைத் தொடாமலே பார்த்தான்.

“யு.எஸ். பீஸ் சார். இங்க வாரண்டி கிடையாது.”

“காசு கொடுத்தே மாத்திக்கறேன்ப்பா.”

“கீல் தனியா வராது சார்.”

“பேட்?”

“இந்த மாடல் நின்னு போச்சு சார். புது மாடல்ல ஆஃபர் போயிண்டிருக்கு.”

புது மாடல் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் கீலைத் தொட்டுப் பார்த்தேன். பழைய கீலின் தம்பி.

அடுத்தது லாமிங்டன் ரோடு. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், ஒயரும் சில்லும் ஸ்பீக்கரும் விற்கும் கடைகள் வரிசையாகத் தொடங்கிவிடும். டாக்டர் படகம்கர் மார்க் என்று அதற்கு அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கடையில் என் ஹெட்போனைக் காட்டினேன். இதே மாடல், இதே கலர், இதே எழுத்து போட்ட புது டப்பா கண்ணெதிரே வந்தது. விலை 1,800.

“ஒரிஜினலா?”

“ஃபர்ஸ்ட் காப்பி” என்றார் கடைக்காரர், பட்டமளிப்பு விழாவில் சொல்வது போன்ற பெருமையோடு.

“எத்தனை நாள் ஓடும்?”

“சலே தோ சாந்த் தக், நஹி தோ ஷாம் தக்.”

ஓடினால் நிலா வரை, இல்லையென்றால் சாயங்காலம் வரை. முப்பதாயிரம் ரூபாய்க்காரர்கள் யாரும் உத்தரவாதத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை. ஹாஜி அலி பக்கம் ஹீரா பன்னாவுக்கும் போனேன். அமெரிக்க அரசு போலிச் சரக்குக்குப் பேர்போன சந்தைகள் என்று வெளியிடுகிற பட்டியலில், 2021-ஆம் ஆண்டுக்கு இடம்பிடித்த வளாகம் அது. அமெரிக்காவே முகவரி கொடுத்திருக்கிறதே என்ற நம்பிக்கையில் போனவனுக்கு அங்கேயும் காதுமெத்தை கிடைக்கவில்லை. முழுப் போலி கிடைக்கிறது. அசலுக்கு ஒரு துண்டு கிடைப்பதில்லை.

மாட்டுங்காவில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். உறவில்லை, கச்சேரிப் பழக்கம். கிங்ஸ் சர்க்கிள் ஷண்முகானந்தா அரங்கம் 1990-ல் தீப்பிடித்து எரிந்ததைச் சொந்த வீடு எரிந்ததுபோல் இன்னமும் சொல்வார். அவரிடம் சென்ஹைசர் எச்.டி. 600 ஒன்று இருக்கிறது. 1997-ல் வந்த மாடல், இன்றைக்கும் விற்கிறார்கள். என் ஹெட்போனை வாங்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது:

“இது வெளிச் சத்தத்தை அழிக்கும்னேளே, எம்.டி. ராமநாதனைப் போட்டா டிரெயின்னு நெனச்சுண்டு அவரையும் சேர்த்து அழிச்சுடாதோ?”

சுருதியை அத்தனை கீழே வைத்துக்கொண்டு, அத்தனை நிதானமாகப் பாடியவரைப் பற்றி நியாயமான கவலைதான். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத்தான் அழிக்கும், உள்ளே ஓடுகிற பாட்டைத் தொடாது என்று சமாதானம் சொன்னேன். மாமா முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. தன்னுடையதை எடுத்துவந்தார். “இதோ பாரும்” என்று காதுமெத்தையைக் கையாலேயே பிடுங்கினார். அப்புறம் ஒயரை. அப்புறம் உச்சந்தலைப் பஞ்சை. ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே சாப்பாட்டு மேஜை முழுக்க ஹெட்போன் பரவிக் கிடந்தது. “சாதம் போடணும்” என்று மாமி சாம்பார்ப் பாத்திரத்தோடு வந்து நின்றதும் அத்தனையையும் திருப்பி மாட்டிவிட்டார். தேய்கிற எந்தத் துண்டையும் தனியாக வாங்கலாமாம்.

இதையே வாங்கிவிடலாமே என்றால், அது திறந்த முதுகு ஹெட்போன். வெளிச் சத்தம் தாராளமாக உள்ளே வரும், பாட்டு வெளியே கசியும். 300 ஓம் மின்மறுப்பு வேறு. செல்போன் அதைத் தள்ள முக்கும், தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

“பக்கத்துல நிக்கறவனுக்கும் எம்.டி.ஆர். கேக்கும் மாமா.”

“கேக்கட்டுமே ஓய். நல்லதுதானே.”

கிளம்பும்போது மாமா தன் பர்ஸை எடுத்துக் காட்டினார். தேய்ந்துபோன பர்ஸுக்கு யாரோ புதுத் தோல் வைத்திருந்தார்கள். தையல் அசலைவிட நேர்த்தி. “தாராவி. அவண்ட்ட கேளும்” என்றார்.

ஒருகாலத்தில் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் பேரன்கள் இன்று பை, பெல்ட், ஜாக்கெட் தைக்கிறார்கள். தொண்ணூறடி ரோட்டில் தமிழ்ப் பலகைகளைத் தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்தில் திரும்பி, இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. சொல்யூஷன் நெடி தலைக்கேறியது. பட்டறைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். பிறந்தது தாராவியில், பேச்சு மட்டும் அம்பாசமுத்திரத்திலேயே இருக்கிறது. காதுமெத்தையை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார்.

“இதையா தோலுன்னு சொல்லுதீங்க? ரெக்ஸினுல்லா சார்!”

“புரோட்டீன் லெதர்னு பெட்டியில போட்டிருந்துதே.”

“புரோட்டீனா? அப்ப திங்கதுக்கா?”

பட்டறையே சிரித்தது. அவர் சொன்னதுதான் சரி. துணிமேல் பூசிய பாலியூரித்தேன் அது. காற்றிலுள்ள ஈரமும் வியர்வையும் அந்தப் பூச்சின் கட்டுகளை மெல்ல அறுத்துவிடும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உரியும். மும்பைக்கு அதை விற்பது உப்பு மூட்டையை மழையில் விற்பதற்குச் சமம் என்று அவருக்குப் புரிகிறது, 349 டாலர் வாங்குகிறவர்களுக்குப் புரியவில்லை.

பழைய உறையின் தையலைப் பிளேடால் பிரித்து, அட்டையில் படியவைத்து, பென்சிலால் சுற்றிவரைந்து ஃபர்மா வெட்டினார். ஏற்றுமதிக்குப் போன லேடீஸ் பையில் மிஞ்சிய செம்மறித் தோல் ஒரு துண்டு. ஓரத்தை மட்டும் மிஷினில் சீவி மெலிதாக்கினார். இல்லாவிட்டால் மடிப்பு தடித்துக் காதைக் குத்துமாம். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு நன்றாகவே இருந்ததால் அதையே வைத்தார். உட்புறமாகத் தைத்துத் திருப்பி, வளையத்தைத் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “கடல் சத்தம் வருது சார். சரியாத்தான் இருக்கு.” கீலுக்கு இரண்டு தோல் வார், ரிவெட். இனிமேல் மடங்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மொத்தம் 600 ரூபாய். பேரம் பேசத் தோன்றவில்லை.

மெத்தை மாறினால் ஹெட்போனின் ஒலியும் கொஞ்சம் மாறும். எனக்கு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முன்பைவிடக் கனத்துக் கேட்கிறது. தோலுக்குத் தோல் தெரிந்திருக்கிறது.

2024 மார்ச்சில் தொடங்கிய தாராவி சீரமைப்புக் கணக்கெடுப்பின் எண் கீழ்வீட்டுக் கதவில் எழுதியிருந்தது. மாடிப் பட்டறைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். “கெடைக்கும்போது பாத்துக்கிடலாம் சார். உங்க பெல்ட்டும் பிஞ்சிருக்கே, குடுங்க” என்றார்.

நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கையடக்கப் பொருட்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதெல்லாம் நம் கடைகளுக்கு வந்து சேர நாளாகும். அதுவரை, விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் பாட்டுப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: காதுமெத்தையும் கீலும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா? கடைக்காரர் அதற்குப் பதிலாக “ஆஃபர் இருக்கு சார்” என்றால், காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.