வள்ளல் க்னோம்

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றபின், பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் திரும்பியவர்கள் பலர். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு), எந்த டெஸ்க்டாப் என்பதுதான் அவர்களுக்கு முதல் மலைப்பு. அதைத் தீர்த்துவைக்கும் வள்ளல் க்னோம் டெஸ்க்டாப். டெபியன், ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன், உபுண்டு என எதை எடுத்தாலும் அதுவே முன்னால் வந்து நிற்கிறது. தேர்ந்தெடுக்கும் பாரத்தை நம் தலையிலிருந்து இறக்கிவிட்டது. மறுபடி ஏற்றிக்கொள்ள விடாத உறுதியும் அதற்கு உண்டு.

பற்றறுக்கக் கற்றுத் தருவதில் அதற்கு இணையில்லை. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது, ஜன்னலைச் சுருக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் போயின. அவை இல்லாமல் முடியாது என்கிற பக்குவமற்றவர்கள் ட்வீக்ஸ் என்ற தனி மென்பொருளைத் தேடி நிறுவி மீட்டுக்கொள்ளலாம். 2012-இல், இரண்டு ஃபோல்டர்களை ஒரே ஜன்னலில் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி போனது. 2017-இல் பின்னணியில் ஓடும் செயலிகளின் சின்னங்கள் நிற்கும் ட்ரே, 2018-இல் டெஸ்க்டாப் ஐகான்கள். கணக்குப்பிள்ளை அன்றைய ஃபைலைக் கண்முன்னே போட்டுவைக்கும் இடம் டெஸ்க்டாப். இப்போது அங்கே அழகான ஒரு படம் மட்டும் இருக்கிறது.

பொறுமையையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் ஒரு புகைப்படத்தை இணைக்கும்போது, ஃபைல் தேர்வுப் பெட்டியில் படங்களைச் சிறிதாக்கி வரிசையாகக் காட்டும்படி 2004-இல் கேட்டார்கள். 2023 மார்ச்சில், 44-ஆம் பதிப்பில் கொடுத்துவிட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை அனுப்ப நினைத்தவர்கள், எண்களே பெயராக நின்ற பட்டியலைப் பார்த்து நினைவாற்றலை வளர்த்துக்கொண்டார்கள். அந்த ஆல்பத்து மணமக்களின் பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்கே கல்யாணம் பேசும் வயது வந்துவிட்டது.

எடுத்ததைத் திருப்பி ஒட்டவைக்க எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஊதியமில்லாத உழைப்பு. அவர்கள் கைத்திறன் மழுங்காதபடி க்னோம் பார்த்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கொரு பதிப்பு. 2023 செப்டம்பரில் வந்த 45-ஆம் பதிப்புக்காகப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் வரும்வரை, அப்டேட் செய்த வீட்டுப் பெரியவருக்கும் புதுமை காணும் வாய்ப்பு: எக்ஸ்டென்ஷன் தயவில் நேற்றுவரை திரையின் கீழே இருந்த பட்டையை இன்று காணோம்.

அதன் பிள்ளைப்பேறும் பெரிது. பழைய க்னோம் 2 மறைந்தது பொறுக்காமல் அதையே எடுத்து வளர்த்ததில் பிறந்தது மாட்டே டெஸ்க்டாப். லினக்ஸ் மின்ட் தன் மக்களுக்காகச் சின்னமன் டெஸ்க்டாப்பை உருவாக்கிக்கொண்டது. லினக்ஸ் கெர்னலைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸே 2011-இல் க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப் பக்கம் போனார். பின்பு எக்ஸ்டென்ஷன்களைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பிரிந்தவரையும் ஏற்கும் மனசு, இல்லையா?

இன்று உபுண்டு, க்னோமை அப்படியே தருவதில்லை. டாக், டெஸ்க்டாப் ஐகான்கள், ட்ரே சின்னங்கள், சுருக்கும் பொத்தான் என ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துத்தான் நம் கையில் கொடுக்கிறது. புதிதாக வந்தவர் அதைத் திறந்து பார்த்து, க்னோம் எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று மகிழ்கிறார்.