பர்ஸை மாற்றினால் பணம் வருமா?

கேள்வி: புது பேட்டரி மாட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. காலையில் கார் முனகிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. 'பேட்டரியை மாத்திடலாம் சார்' என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: வீட்டில் பணம் தங்கவில்லை என்றால் பர்ஸையா மாற்றுவீர்கள்? சம்பாதிக்கிற ஆல்டர்னேட்டரை முதலில் விசாரியுங்கள். சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏறும். 12-லேயே கிடந்து இறங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை ஆல்டர்னேட்டர் வேலைநிறுத்தம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைக்கிறது என்று அர்த்தம்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் மைனஸ், பிறகு பிளஸ் எனக் கழற்றி, வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் தேயுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைப் பிடுங்கி 'டெஸ்ட்' செய்யும் மேதை வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்; வோல்டேஜ் எகிறி வண்டியின் கம்ப்யூட்டரே போய்விடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் படுத்தால், டிக்கி விளக்கு அணைகிறதா பாருங்கள். உள்ளே நீங்கள் படுக்க வேண்டாம். வீடியோ பதிவை ஓடவிட்டு செல்போனை வைத்து மூடினால் போதும்.