நிஜாம், எலி, நான்

தன்னைத் தானே சீராட்டிக்கொள்வதில் ஆறாம் நிஜாம் மெஹ்பூப் அலி பாஷாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பழைய ஹைதராபாத்தில் புரானி ஹவேலி என்று ஓர் அரண்மனை. அதன் ஒரு பக்கம் முழுக்க அவருடைய துணி அலமாரிதான். கையால் சுற்றி இயக்கும் லிஃப்டுகூட உண்டு. ஒரு முறை உடுத்தியதை மறுமுறை தொடமாட்டாராம். மகன் மிர் உஸ்மான் அலி கான் நேர் எதிர். 1937-இல் உலகப் பெரும் பணக்காரர் என்று ‘டைம்’ பத்திரிகை அட்டையில் படம் போட்டது; மனிதரோ பழைய உடுப்போடும் பழுப்பேறிய குல்லாயோடும் திரிந்தார். அப்பாவின் செருப்பு நுனிக்குள் கிடைத்ததாகச் சொல்லப்படும் 184.75 காரட் ஜேக்கப் வைரத்தை, காகிதம் பறக்காமல் இருக்க மேஜையில் வைத்துக்கொண்டார். அப்பா 1911-இல் 45 வயதில் போய்விட்டார். மகன் 80 வயது வரை இருந்து 1967-இல்தான் கண்ணை மூடினார்.

ஆகவே புதுத்துணி ஆயுளைக் குறைக்கும் என்று மனைவியிடம் நிறுவப் பார்த்தேன்.

“அப்படின்னா நீங்க நூறு வருஷம் இருப்பீங்க” என்றாள், என் பனியனைப் பார்த்தபடியே.

உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றாலே முதலில் எதையாவது வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யோகா விரிப்பு, செம்பு பாட்டில், வாசனை மெழுகுவர்த்தி. இந்த விஷயத்தில் நாமெல்லாம் ஆறாம் நிஜாமின் வாரிசுகள். அலமாரிதான் கொஞ்சம் சின்னது. என் அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போய், காலடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்துப் போட்டியும் வைத்துவிட்டது. யார் அதிகம் நடக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு.

நடக்க இடமா இல்லை இந்த ஊரில்? ஜூபிலி ஹில்ஸ் பக்கம் கே.பி.ஆர். பூங்கா இருக்கிறது. பேர்தான் பூங்கா; 1998-இல் தேசியப் பூங்காவாகவே அறிவிக்கப்பட்ட காடு. உள்ளே மயில் உண்டு. ஆனால் நாங்கள் இருப்பது செகந்திராபாத் பத்மாராவ் நகரில். நடப்பதற்காகக் காரெடுத்து, பேகம்பேட்டை நெரிசலில் நின்று, போய்ச் சேர்ந்து, காரை நிறுத்த இடம் தேடி நான் சுற்றிய சுற்றையெல்லாம் கடிகாரம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெளிவட்டச் சாலையோரம் சூரிய மின்தகடுகளையே கூரையாகப் போட்டு 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை ஒன்றை 2023-இல் திறந்தார்கள். நல்ல ஏற்பாடு. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

நான் மாடிப்படி ஏறும்போது வாங்குகிற மூச்சைக் கேட்டு மேல்வீட்டு அங்கிள் வேறொரு யோசனை சொன்னார். ஜூன் மாதம் மிருகசிர கார்த்தி அன்று நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்துக்குப் போ என்றார். உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் மருந்தை வைத்து அப்படியே விழுங்கச் செய்வார்கள். ஆஸ்துமாவுக்கு என்று பத்தினி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இலவசமாகக் கொடுப்பது. டாக்டர்கள் இதை மருந்தென்று ஒப்புவதில்லை. வருகிற கூட்டமும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. “எனக்கு ஆஸ்துமா இல்லை அங்கிள், தொப்பை” என்றேன். “சைவமா இருந்தா வெல்லத்துல வெச்சும் தருவாங்க” என்றார், ஆறுதலாக.

கடைசியில் எங்களுக்கு வழிகாட்ட வந்தது தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதுவும் நம் பக்கத்திலிருந்து போனதுதான். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சி, வளர்ந்து பெருகி 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது. இந்த மெக்காரிசன் ஒரு காரியம் செய்தார். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சப்பாத்தியும் பாலும் வெண்ணெயும் காய்கறியும் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில். மதராஸ்காரன் சாப்பாடு தின்ற எலிகள் கடைசியில். இதைப் படித்த நாளிலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்க்கும்போது யாருடைய ஜாடை என்ற சந்தேகம் எனக்கு இல்லை.

அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியை மனைவி அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் கூடாது. இதை ஒட்டி முடிப்பதற்கும் மேல்வீட்டு ஆன்ட்டி ஆவக்காய் ஜாடியோடு வருவதற்கும் சரியாக இருந்தது. “மீ கோசமே பெட்டானண்டி” என்று நமக்காகவே ஊறுகாய் போட்டு எடுத்து வந்தவரிடம் கிராம் கணக்கா பேச முடியும்?

உப்பைச் சமாளித்துவிடலாம். காபிதான் எங்கள் குடும்பத்தைக் குலைத்தது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரையிலும் காபியோ டீயோ குடிக்காதே என்கிறது வழிகாட்டி. அவற்றிலுள்ள டானின், சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். சரி. எட்டு மணிக்கு இட்லி என்றால் ஏழிலிருந்து ஒன்பது வரை காபி இல்லை. ஒரு மணிச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு. ஐந்து மணிக்குச் சுண்டல் தின்றால் நாலிலிருந்து ஆறு. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “சனிக்கிழமை ஒம்பதுலேருந்து பத்தரை ராகு காலம்டா, புதுசா எதுவும் ஆரம்பிக்காதே” என்றாள். இப்போது எங்கள் வீட்டில் காபிக்கென்று தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மனைவி முதலில் கேட்பது, “சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?” சிலர் அதைச் சாப்பிடக் கூப்பிடுவதாக நினைத்துக் கை கழுவப் போய்விடுகிறார்கள்.

இவ்வளவிலும் தங்கிய பழக்கம் ஒன்று உண்டு: காலை நடை. நானும் மேல்வீட்டு அங்கிளும் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறோம். 1918-இல் அதை நிறுவியவர் அந்தச் சிக்கன நிஜாம்தான். ஆனால் 1939-இல் அவர் திறந்துவைத்த கலைக்கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்தால் சிக்கனமெல்லாம் சொந்தக் குல்லாயோடு சரி என்று தெரியும். அதன் முன்னால் விடியலில் பாதி செகந்திராபாத்தே கையை வீசிக்கொண்டு போகும். நாங்கள் விடாமல் போவதற்குக் காரணம் கட்டடமல்ல. திரும்பும் வழியில் இருக்கும் இரானி ஹோட்டல். ஒரு சாய், இரண்டு உஸ்மானியா பிஸ்கட். நடந்து கரைத்ததை அங்கேயே உட்கார்ந்து மீட்டுக்கொண்டு வருகிறோம். நல்ல பழக்கம் தனியாக வந்து கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் கெட்ட பழக்கத்துக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தால் உட்கார நாற்காலி போடுகிறோம். சாய் கடை மூடியிருந்த பக்ரீத் காலையில் அங்கிளுக்கு முழங்கால் வலி வந்தது.

அம்மாவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. விடிந்ததும் ஸ்கந்தகிரி சுப்ரமணிய சுவாமி கோயில். பிரதட்சிணம் எத்தனை என்று அவளும் முருகனும்தான் அறிவார்கள். நடுவில் அவளுடைய பழைய வாட்ச் நின்றுபோக, சார்ஜில் கிடந்த என் கடிகாரத்தைப் பார்த்து, “இது சும்மாதானே கிடக்கு” என்று கட்டிக்கொண்டாள். நானும் அதை மறந்துபோனேன்.

போன வாரம் அலுவலகத்தில் எங்கள் மனிதவள மேலாளர் என் இடத்துக்கே வந்தார். போட்டியில் நான் மூன்றாம் இடமாம். எனக்கு மின்தூக்கிக்குக் காத்திருந்தே பழக்கம் என்பது அவருக்கும் தெரியும். கையிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். “செவ்வாய்க்கிழமையானா உங்க கோடு எகிறுது சார். மாசத்துல ஒரு நாள் உச்சிக்கே போயிடுது. அது என்ன ஒர்க்அவுட்? வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் பத்து நிமிஷம் எடுத்துச் சொல்லணும்.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றித் தரப்போகிறாள் என்று கையை நீட்டினேன்.

“மாசத்துல ஒரு நாளா? கிருத்திகைடா அது. ஐப்பசியில கந்த சஷ்டி வருது, ஆறு நாளும் சுத்துவேன், முதல்லயே அந்தம்மாகிட்ட சொல்லி வை” என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: “முதல் பரிசு என்னடா? பாத்திரமா, பணமா?”