மாடியில் ஆமை

கேள்வி: வீட்டில் நட்சத்திர ஆமை வளர்க்கிறோம். கத்திரி வெயிலில் அதை மொட்டை மாடியில் விடலாமா? மேலே ஓடு இருக்கிறதே!
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: ஓடு என்ன குடையா? முதுகெலும்பும் விலா எலும்பும் ஒட்டிய உயிருள்ள எலும்பு அது. உள்ளே இருப்பவருக்கு வியர்க்கவும் வழியில்லை, சட்டையைக் கழற்றவும் வழியில்லை. காட்டில்கூடக் கோடையில் அது காலையும் மாலையும்தான் மேயும். உச்சிவெயிலில் புதருக்கடியில் படுத்துவிடும். (நம்மைவிட விவரம்.)

அதற்காக வெயிலே வேண்டாம் என்றில்லை. புறஊதாக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகி, சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். இளவெயில், பக்கத்திலேயே நிழல், ஆழமில்லாத தண்ணீர் போதும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் தேவையான கதிர் வெளியே நிற்கும், சூடு மட்டும் உள்ளே குடியேறும். வாயில் நுரை தள்ளினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இது ஆமைக்கு. உங்களுக்கு இன்னும் சூடான செய்தி: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. உங்கள் ஊர்க் கச்சபேசுவரர் கோயிலில் திருமாலே ஆமையாய் வந்து சிவனைப் பூசித்தார் என்கிறது தலபுராணம்; அதை வனத்துறையிடம் வாதாடிப் பார்க்காதீர்கள். ஆமையை அவர்களிடமே ஒப்படையுங்கள். நீங்களாகக் காட்டில் கொண்டுபோய் விட்டால், அங்குள்ள ஆமைகளுக்கு வீட்டு நோயும் சேர்ந்து போகும்.