கட்டாக் கருவாடு

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது வயதில், 2023 இல், ஆலங்குடாவில் கருவாட்டுக் கடை போட்டேன்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் நீளமாக ஒரு மணல். அதுதான் கற்பிட்டிக் குடாநாடு. இங்கே கொடியில் சேலை காயாத வீடு இருக்கலாம், கருவாடு காயாத வீடு இல்லை. அதே கருவாட்டைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் கழுத்தில் ரிப்பன் கட்டினால் வெளியூர்க்காரன் அள்ளிக்கொண்டு போவான் என்று யோசனை சொன்னவன் கொழும்பில் இருக்கும் மச்சான். டொல்பின் பார்க்க வருகிறவர்கள், கற்பிட்டிப் பக்கம் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள், எல்லாரும் உன் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றான். தாண்டித்தான் போனார்கள்.

பலகைக்குப் பெயரும் அவன்தான் தந்தான். ‘கூர்மே’. பிரெஞ்சுச் சொல், ருசியறிந்து சாப்பிடுகிறவன் என்று அர்த்தமாம். திறந்த அன்று மாலை ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் குருமா கேட்டார்கள். எட்டாவது வந்த நானா, பராட்டாவும் இருந்தால்தான் குருமா வேண்டும் என்றார்.

கடைக்கு முதல் வந்தது ராத்தா பிடித்த சீட்டில். இருபது பெண்கள், மாதம் ஆளுக்கு ஐயாயிரம். முதல் சீட்டை எனக்கு விழவைத்தாள். கடைசித் தவணையையும் ஒழுங்காகக் கட்டி முடித்தேன். ஆனால் அந்த இருபது பேரும் அன்றிலிருந்து முதலாளிமார். ஒருத்தி நெத்தலி கொண்டுவந்தாள், ஒருத்தி கூனி இறால் சம்பல், ஒருத்தி தொதல். விலையை அவர்களே சொன்னார்கள், இறாக்கையில் இடத்தையும் அவர்களே பிடித்தார்கள். சம்பலுக்கு முன்னால் தொதலை வைத்ததற்காக இரண்டு வீடுகளுக்கு இடையில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

நன்றாக ஓடியது கடற்பாசி மட்டும்தான். களப்பில் விளைகிற கஞ்சிப்பாசி. வெள்ளைக்காரன் காலத்தில் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் கப்பலேறிய சாமான். நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஆறவிட்டுத் துண்டு போடுவோம். ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி வந்து எட்டுப் பக்கட் வாங்கினாள். எப்படிக் காய்ச்சுவது என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், முகத்தில் பூசத்தான் என்றாள். பாசி தந்த மாமிக்கு இது எட்டியதும் கடைக்கே வந்துவிட்டார். “நோன்பு திறக்கிற சாமான மூஞ்சில பூசுறாளா? நீயும் வித்தியா?” என்று அரைமணி நேரம் ஏசினார். அடுத்த கிழமை மாமியின் முகத்தில் ஒரு பளபளப்பு. நான் எதுவும் கேட்கவில்லை. பாசி வரத்து மட்டும் பாதியாகக் குறைந்தது.

‘ஊர் ஆதரவு’ என்பார்களே, அதை 2025 இல் நான் முழுதாகக் கண்டேன். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. என் கடை வாசலில் நின்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். 900 மெகாவாட். அத்தனை மின்சாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற தெம்பில்தான் பெரிய குளிர்பெட்டி வாங்கி இறாலும் கணவாயும் நிரப்பியிருந்தேன். அங்கே தெற்கே பாணந்துறையில், உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்தது. நாடே இருண்டது. இதை அமைச்சரே சொன்னதால்தான் நம்பினேன். அடுத்த நாட்களிலும் நேரம் குறித்து வெட்டினார்கள். இருண்ட அன்றே என் இருபது முதலாளிமாரும் தகவல் அறிந்து சட்டியோடு ஓடிவந்தார்கள். “கெட்டுப்போக விடலாமா மகன்? நாங்க இருக்கோமே!” மக்ரிபுக்குள் பெட்டி காலி. அன்றிரவு ஆலங்குடா முழுக்க இறால் கறி வாசம். எனக்கும் ஒரு கோப்பை அனுப்பியிருந்தார்கள். உப்புக் கொஞ்சம் குறைவு.

குறையாமல் என்ன செய்யும்? அந்த வருடம் மழை காலம் மாறிப் பெய்து உப்பளங்களில் உப்பு விளையவில்லை. இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். புத்தளத்தில் பிறந்தவன் வெளிநாட்டு உப்புப் பக்கட்டைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினான் என்பதை என் பேரப்பிள்ளைகள் நம்பப்போவதில்லை. ஆனால் என் கடையில், வெளிநாட்டுக்காரருக்கென்று சின்னப் போத்தல்களில் உப்புப் பூ அடைத்து வைத்திருந்தேன். இரண்டு வருடமாக ஒரு போத்தல்கூட அசையவில்லை. தட்டுப்பாடு வந்ததும் ஊரே அந்த மூலையைக் கண்டுபிடித்தது. உம்மாவிடம் விலை கேட்டிருக்கிறார்கள். “உப்புக்கு ஊராரிட்ட காசு வாங்குறதா?” என்று உம்மா என்னைத்தான் முறைத்தார். மக்ரிபுக்குப் பிறகு உப்பைக் கைமாற்றக்கூடாதென்பது எங்கள் பெரியவர்களின் சொல். ஆகவே எல்லாரும் அஸருக்கே வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் கடன் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசு கொடுக்காமல் எடுத்துப்போகிற பழக்கத்துக்கு ஊரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, சரித்திரம் அப்படி. 1344 இல் இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்தபோது கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்தனவாம். மலபாரிலிருந்தும் மஃபரிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமல் ஏற்றிக்கொண்டு போவார்களாம். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி மாதிரி ஏதாவது கொடுப்பார்களாம். எழுதி வைத்திருக்கிறார் மனிதர். எனக்கும் அப்படித்தான் வருகிறது: ஒரு சீப்பு வாழைப்பழம், பிள்ளைக்குச் சட்டைத்துணி, பெருநாளைக்கு ஒரு சட்டி வட்டிலப்பம். கொப்பியில் வரவுப் பக்கத்தில் வட்டிலப்பத்தை எப்படிப் பதிவது என்று கணக்குப் பார்க்கிற தம்பியிடம் கேட்டேன். பாதியை அவனுக்குத் தரச் சொன்னான்.

ராத்தா ஒருநாள் கொப்பியைப் புரட்டிவிட்டு, “என்னடா, பக்கம் பக்கமா ‘கட்டா’, ‘கட்டா’ண்டு எழுதிவெச்சிரிக்கே? கருவாட்டுக் கணக்கா, சல்லி கட்டாதவங்கட கணக்கா?” என்றாள்.

“ரெண்டும் ஒண்டுதான் ராத்தா.”

உண்மையில் ஒன்றில்லை. கட்டாக் கருவாடு வாங்கிய உம்மா கட்டார். ஆனால் மகன் கட்டாரிலிருந்து வந்து கட்டுவான். லீவு முடிந்து திரும்பும் இரவு பத்து மணிக்கு வான் கடை வாசலில் நிற்கும். உம்மா, மாமி, பக்கத்து வீடு எல்லாருடைய பக்கங்களையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, தோஹாவில் அறையைப் பகிர்கிற ஆறு பேருக்கும் சேர்த்து நாலு கிலோ கேட்பான். வாசம் வெளியே வராதபடி மூன்று உறை போட்டு ஒட்ட வேண்டும். அவனுக்கு ரிப்பன் வேண்டாம், போத்தலும் வேண்டாம். விலையும் கேட்பதில்லை. மச்சான் சொன்ன வெளியூர்க்காரன் இவன்தான். இங்கேயே பிறந்தவன்.

பலகையை இப்போது மாற்றிவிட்டேன், வெறும் ‘கருவாட்டுக் கடை’. பழைய பலகையைக் கேட்டு வாங்கிப்போன நானா சந்தியில் பராட்டாக் கடை வைத்திருக்கிறார். நல்ல குருமா.

பாலாவியிலிருந்து கற்பிட்டி ரோட்டில் வருகிறவர்கள் ஆலங்குடாவில் விசாரித்தால் யாரும் காட்டுவார்கள். ஜும்ஆ நேரம் மட்டும் பூட்டியிருக்கும். கடனுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து பேனை கொண்டுவாருங்கள். கொப்பியோடு கட்டியிருந்ததை யாரோ எழுதிவிட்டுக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்.